கப்டன் அத்தானின் சீசன்

அந்தத் தொப்பியை நான் மறக்கவில்லை. வெள்ளைத் துணி, கறுப்பு விளிம்பு, நெற்றிக்கு நேரே பொன்னிற நூலில் ஒரு நங்கூரம். போன மாதம் இணையத்தில் வந்த அத்தானின் மரண அறிவித்தலில் அதை மறுபடியும் பார்த்தேன். நங்கூரம் நன்றாகத் தெரியும்படி தலையை ஒரு பக்கம் சரித்து, கண்ணைச் சுருக்கி, தொலைவில் புயல் வருவதைத் தான் மட்டும் கண்டுவிட்டவர் போலப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அவர் எங்கே நின்று அப்படிப் பார்த்தார் என்பது எனக்குத் தெரியும். படத்தை எடுத்தவள் நான்தான். எங்கள் வீட்டு முற்றத்தில், துணி காயப்போடும் கயிற்றுக்குக் கீழே நின்றார். பின்னால் கடல் தெரிய வேண்டும் என்று சொல்லி, கயிற்றில் காய்ந்துகொண்டிருந்த என் சட்டைகளை எடுக்கச் சொன்னார். ஈரச் சட்டைகளைத் தோளில் போட்டுக்கொண்டு நான் படம் எடுத்தேன். இப்போது அந்தப் படத்துக்குக் கீழே 'கடலின் மைந்தன்' என்று போட்டிருக்கிறார்கள். முழங்காலுக்கு மேலே அவர் கடலில் நனைந்து நான் கண்டதில்லை.

அத்தான் என் அக்காவின் கணவர். எங்களைப் போலவே ஊர்காவற்றுறைக் கரையில் பிறந்தவர்தான். தகப்பனும் தமையன்மாரும் கடலுக்குப் போய் வந்த வீடு. அவருக்கு மட்டும் கடல் ஒத்துவரவில்லை. வள்ளத்தில் கால் வைத்தாலே சத்தி எடுப்பார் என்று எங்கள் அம்மா சொல்லிச் சிரிப்பார். இளம் வயதிலேயே ஜேர்மனிக்குப் போய், கடலே இல்லாத ஒரு நகரத்தில் நெடுங்காலம் சாமான் லொறி ஓட்டினார். அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. அந்த லொறிதான் என் அக்காவுக்கும் பிள்ளைகளுக்கும் சோறு போட்டது. லொறி ஓட்டியவராகவே அவர் இருந்திருந்தால் எனக்கு அவரோடு ஒரு வழக்கும் இல்லை. சண்டை முடிந்து சனம் வரப்போகத் தொடங்கிய பிறகு ஒருநாள் திரும்பி வந்து இறங்கினார். பிள்ளைகளின் படிப்பைச் சொல்லி அக்கா அங்கேயே இருந்துவிட்டார். அத்தான் கப்பலில் ஒரு படகையும் கைப்பெட்டியில் அந்தத் தொப்பியையும் கொண்டுவந்தார். ஜேர்மனியில் ஏதோ ஓர் ஏரியில் சிறு படகு ஓட்டுவதற்குப் பரீட்சை எழுதிச் சித்தியடைந்த பத்திரத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டு விறாந்தையில் மாட்டினார். அன்றிலிருந்து அவர் கப்டன். வெளிநாட்டுக்காரரைக் கடலுக்குக் கூட்டிப்போய்த் தூண்டிலில் மீன் பிடிக்கவிடுவது தொழில். வீதியோரம் நட்ட விளம்பரப் பலகையில் அவருடைய பெயரைவிடக் கப்டன் என்ற சொல் பெரிதாக இருந்தது. ஊர்ச்சனம் முகத்துக்கு முன்னால் கப்டன் என்றும், அந்தப் பக்கம் திரும்பியதும் லொறிக் கப்டன் என்றும் சொன்னார்கள். முகத்துக்கு முன்னால் சொன்னதை மட்டும் அவர் நம்பினார்.

எங்கள் கரையில் மாரி என்றால் கடல் மூடுகிற காலம். வாடைக்காற்று எழும்பியதும் படகுகளை மேட்டுக்கு இழுத்துப் பூவரச மரங்களோடு கட்டிவிடுவார்கள். கார்த்திகையிலும் மார்கழியிலும் காற்று விழுந்த நாள் பார்த்து, ஆழமில்லாத நீரில் கட்டிவைத்த களங்கட்டி வலைகளில் விழுந்த இறாலை எடுத்துவந்தால் அதுவே பெரிய காரியம். மற்ற நாட்களில் ஆண்கள் வீட்டில் இருந்து பெண்களின் சமையலில் குறை கண்டுபிடிப்பார்கள். அத்தானுக்கோ அதுதான் சீசன். வெளிநாடுகளில் பள்ளிக்கூடம் மூடி, நத்தார் விடுமுறைக்குச் சனம் விமானம் நிறைய வந்து இறங்குகிற காலம். விமானம் வருகிற காலம்தான் மீன் வருகிற காலம் என்று அவர் எப்படியோ கண்டுபிடித்திருந்தார். மாரிக் கடலில்தான் பெரிய மீன் மேலே வரும் என்று வருகிறவர்களுக்குச் சொல்லுவார். எந்தக் கடலில், எந்த மீன் என்று யாரும் கேட்கமாட்டார்கள். "சும்மா கிடக்கிற கடலில கிழவியளும் மீன் பிடிக்குங்கள். கொந்தளிக்கிற கடலில பிடிக்கவேணும். அதுதான் விளையாட்டு" என்பார். கொந்தளிப்பு அவருக்கு விற்பனைப் பொருள். பலகையில்கூட ஒரு பெரிய அலையைக் கீறுவித்திருந்தார். அந்த அலை எங்கள் கடலில் ஒருநாளும் அடிக்காத மாதிரியான அலை, ஏதோ மலையடிவாரத்துக்காரன் கீறியது.

வந்தவர்களைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். பெரும்பாலும் எங்கள் ஆட்கள்தான். இந்தத் தீவுகளில் பிறந்து, சின்ன வயதில் கிளம்பிப் போனவர்கள். அல்லது அவர்களுடைய பிள்ளைகள். கறுப்புக் கண்ணாடி, பையெல்லாம் பொத்தான் வைத்த காற்சட்டை, மடித்து விரிக்கிற தூண்டில் தடி. தகப்பன்மார் கோவணத்தோடு நின்று வலை இழுத்த அதே கரையில் பிள்ளைகள் முகத்துக்கு வெள்ளைக் களிம்பு பூசிக்கொண்டு நிற்பார்கள். படகு அனலைதீவுக்கு அந்தப் பக்கம் ஒரு சுற்றுச் சுற்றும். தூண்டிலில் ஒரு கெளுத்தி கொளுவினால் சுறா பிடித்த சத்தம் போடுவார்கள். ஒன்றும் கொளுவாத நாட்களுக்கென்று அத்தான் விடியற்காலையில் சந்தைக்குப் போய் நல்ல பருத்த பாரை மீன் ஒன்றை வாங்கி ஐஸ்பெட்டிக்குள் போட்டுக்கொள்வார். திரும்பி வரும்போது ஆளாளுக்கு அதைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுப்பார்கள். கண் குழிந்து, செவுள் வெளுத்த மீன். எங்கள் வீட்டுப் பூனையும் அந்த மீனைத் திரும்பிப் பார்க்காது. ஒரே பாரையைத் தூக்கிக்கொண்டு எத்தனையோ பேர் எத்தனையோ நாடுகளில் படமாகத் தொங்குகிறார்கள். அதில் பொய் இருக்கிறது என்று அவர்களுக்கும் தெரியும். தெரிந்துகொண்டேதான் சிரிப்பார்கள்.

படகை ஓட்டியது அத்தான் அல்ல. அது என் கணவர். அத்தான் முன்னுக்கு நின்று கையை நீட்டித் திசை காட்டுவார், என் கணவர் பின்னுக்கு இருந்து தனக்குத் தெரிந்த பக்கம் ஓட்டுவார். எங்களுடைய சொந்தப் படகு சண்டைக் காலத்தில் போனது போனதுதான். பிறகு ஆட்களின் படகுகளில் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தவருக்கு, சொந்தத்துக்குள்ளே ஒரு வேலை என்றதும் மறுக்க முடியவில்லை. மறுக்கத் தெரியாது என்பதுதான் சரி. என் கணவரையும் நான் விட்டுவைக்கப் போவதில்லை. அவர் நல்ல மனிதர், ஆனால் யார் எதைக் கேட்டாலும் முகத்தை முறிக்கப் பயந்த மனிதர். அதிலும் அத்தான் அக்காவின் கணவர், மூத்தவர், வெளிநாட்டுக்காரர், படகின் சொந்தக்காரர். அத்தான் கதிரையில் இருந்தால் இவர் வாசற்படியோடு நிற்பார். 'அண்ணை' என்ற சொல் இல்லாமல் ஒரு வசனம் முடியாது. அந்த மரியாதையை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

இந்த இடத்தில் 'பாப்பம்' என்ற சொல்லைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எழுத்தில் அது 'பார்ப்போம்'. எங்கள் தீவுகளில் அதற்குப் பார்ப்பதோடு ஒரு தொடர்பும் கிடையாது. முடியாது என்று பொருள்படும் 'ஏலாது' என்ற சொல்லை ஒருவருடைய முகத்தைப் பார்த்துச் சொல்லுவது இங்கே கன்னத்தில் அறைவதற்குச் சமம். ஆகவே யாரும் சொல்லமாட்டார்கள். பெண் கேட்டு வந்தவர்களுக்குப் பெண்வீட்டார் 'பாப்பம்' என்று சொன்னால், வந்தவர்கள் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழும்பி வேறு வீடு பார்ப்பார்கள். வலை இரவல் கேட்டவனுக்குப் 'பாப்பம்' என்றால் அவன் மறுநாள் வரமாட்டான். விளக்கம் கேட்பதும் இல்லை, கோபிப்பதும் இல்லை. குழந்தைகூட மிட்டாய்க்குப் 'பாப்பம்' என்ற பதிலைக் கேட்டதும் அழத் தொடங்கிவிடும். இதை எங்களுக்கு யாரும் சொல்லித்தந்ததில்லை. நாரந்தனையிலும் புளியங்கூடலிலும் அனலைதீவிலும் இது ஒரே பொருள்தான். ஜேர்மனியில் லொறி ஓட்டினால் மறந்துபோகிற பொருளும் அல்ல. அத்தான்தான் அந்தச் சொல்லைப் பாவிப்பதில் ஊரிலேயே கெட்டிக்காரர். ஒருமுறை அனலைதீவில் பிள்ளைப்பேற்று வலி கண்ட ஒரு பெண்ணை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவர, அவருடைய படகு வேகமானது என்று கேட்டு வந்தார்கள். தொப்பியைச் சரிசெய்தபடி "பாப்பம்" என்றார். வந்தவர்கள் ஒரு வார்த்தை பேசாமல் வேறு படகு தேடி ஓடினார்கள். அவர்கள் மறுபடி வந்து கேட்பார்கள் என்று அத்தானும் காத்திருக்கவில்லை, சாப்பிட உட்கார்ந்துவிட்டார்.

நான் சொல்லவந்த அந்த மாரியில், இலண்டனிலிருந்து மூன்று சிநேகிதர்கள் வந்து அத்தானின் வீட்டு மேல்மாடியில் தங்கியிருந்தார்கள். வந்த நாளிலிருந்து மழை. வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் என்று வானொலி சொல்லிக்கொண்டேயிருந்தது. மறு அறிவித்தல் வரும்வரை ஒருவரும் கடலில் இறங்கவேண்டாம் என்று மீனவர் சங்கத்தின் ஒலிபெருக்கி வீதி வீதியாகச் சத்தம் போட்டது. மூன்று பேரும் மேல்மாடியில் இருந்து சீட்டு விளையாடி, கோழியும் நண்டும் தின்று, மழையைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். பிடிக்காத மீனுக்காக அவர்கள் அத்தானைப் பகிடி பண்ணத் தொடங்கிவிட்டார்கள் என்று நான் நினைக்கிறேன். பகிடி அவருக்குப் பொறுக்காது. கப்டன் என்று அழைத்த வாய் சிரித்தால் அவர் எதையும் செய்வார்.

அவர்கள் பயணப்படுவதற்கு முன் கடைசி நாளுக்கு முதல்நாள் பின்னேரம் அத்தான் எங்கள் வீட்டுக்கு வந்தார். நான் குசினியில் மரவள்ளிக்கிழங்கு அவித்துக்கொண்டிருந்தேன். என் கணவர் கழன்றுபோன குசினிக் கதவின் பிணைச்சலைப் பூட்டிக்கொண்டிருந்தார். அத்தான் கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். தொப்பியில் இருந்த மழைத்தண்ணியை என் மா சல்லடையின் மேல் உதறினார். அதுகூட எனக்கு நினைவிருக்கிறது.

"தம்பி, நாளைக்கு விடிய வெளிக்கிடுவம். ஆக்கள் நாளையிண்டைக்குப் பிளைட் ஏறீனம்."

என் கணவர் திருகாணியை வாயிலிருந்து எடுத்தார். "கடலுக்கு ஒருதரும் இறங்க வேண்டாமெண்டு சங்கத்தால அறிவிச்சிருக்கினம் அண்ணை."

"அது மீன்பிடிகாரருக்கு. நாங்கள் ரூறிஸ்ற்" என்றார் அத்தான்.

இதைவிடப் பெரிய முட்டாள்தனமான வசனத்தை என் வாழ்நாளில் நான் கேட்டதில்லை. கடலுக்கு ஆள் பார்த்து அடிக்கத் தெரியும் என்று ஒரு மனிதர் என் வீட்டுக் கதிரையில் இருந்து சொல்லுகிறார். என் கணவர் சிரிக்கவில்லை, கோபிக்கவில்லை. கதவுக்கு வெளியே மழையைப் பார்த்தார். பிறகு சொன்னார்: "பாப்பம் அண்ணை."

அத்தான் எழும்பினார். "அப்ப சரி. இறங்குதுறையில நேவிக்காரர் மறிப்பாங்கள். உங்கட கரையால இறக்குவம்" என்று சொல்லிவிட்டுப் போனார். போகிறபோது சீட்டியடித்துக்கொண்டு போனார். நான் குசினியால் வெளியே வந்து, "ஏலாது எண்டு சொல்லியிருக்கலாமே" என்று கேட்டேன். என் கணவர் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். "சொன்னனான்தானே" என்றார். "பாப்பம் எண்டு சொன்னனான். அண்ணைக்கு விளங்கும்." எனக்கும் விளங்கியது. இருந்தாலும், அந்த மனிதர் விளங்காத மாதிரிப் போனதை நீங்கள் பார்க்கவில்லையா, நாளைக்கு அவர் வந்து நின்றால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். வரமாட்டார் என்றார். அப்படி ஒருவர் வருவார் என்று அவரால் எண்ணிப்பார்க்க முடியவில்லை. கதவைப் பூட்டி முடித்துவிட்டுத் திறந்து சாத்திப் பார்த்தார். கிழங்கு நன்றாக வெந்திருக்கிறது என்றார்.

விடிந்தபோது காற்று விழுந்து கிடந்தது. மழையும் இல்லை. கிழக்கு மட்டும் கறுத்துப்போய் இருந்தது. மாரியில் இப்படி நடுவில் ஒரு சோம்பல் வரும். இங்கே பிறந்த யாரும் அதை நம்பி நனைந்த சட்டையைக்கூட வெளியில் போடமாட்டார்கள். கரைப் பக்கம், அத்தானையும் ஆட்களையும் ஏற்றிவந்த வான் வண்டியின் ஹோர்ண் அடித்தது. ஒருதரம் அடித்து, பிறகு விடாமல் அடித்தது. என் கணவர் அப்போதுதான் முகம் கழுவியிருந்தார். நான் தேத்தண்ணி ஊற்றிக் கொடுக்கக் கையில் வாங்கிவிட்டு, திரும்ப வைத்தார். "போய்ச் சொல்லிப்போட்டு வாறன். மூடி வை" என்றார். சொல்லிவிட்டு வரத்தான் போனார். சோற்றுப் பார்சல் எடுக்கவில்லை. மழைக்கோட்டு ஆணியில் தொங்கியது. காலில் செருப்பு. கடலுக்குப் போகிற எந்த ஆணும் எங்கள் கரையில் செருப்போடு போகமாட்டான். நான் தேத்தண்ணியை மூடி வைத்துவிட்டு முற்றம் கூட்டினேன்.

அங்கே நடந்ததை அந்த வான் சாரதி பிறகு எனக்குச் சொன்னான். என் கணவர் போனபோது மூன்று பேரும் படகில் ஏறி, செம்மஞ்சள் நிற லைஃப் ஜக்கெற்றுகளைப் போட்டுக்கொண்டு படம் எடுத்துக்கொண்டிருந்தார்களாம். அத்தானும் ஒரு ஜக்கெற்றோடு, தொப்பியோடு படகின் முன்னுக்கு நின்றாராம். வருகிற விருந்தினருக்கும் தனக்குமாகத்தான் அவர் ஜக்கெற் வாங்கியிருந்தார். ஓட்டிக்கு ஒன்று வாங்கவில்லை. "இவர் மீன்குஞ்சு, இவருக்கென்னத்துக்கு" என்று சொல்லிச் சிரிப்பது அவருடைய வழக்கம். என் கணவர் படகுக்குப் பக்கத்தில் போய்த் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னாராம். அத்தான் எல்லோருக்கும் கேட்கச் சொன்னாராம், "என்ன தம்பி, ஆக்கள் ஏறி இருக்கினம், நீர் கரையில நிண்டு கதைக்கிறீர்?" மூன்று பேரும் திரும்பிப் பார்த்தார்களாம். அதோடு சரி. என் கணவர் செருப்பைக் கழற்றிக் கரையில் சோடியாக வைத்துவிட்டு ஏறினார். இஞ்சின் பிடித்ததும் அத்தானுக்கு வயிற்றைப் பிரட்டியது. உண்மையில் பிரட்டியதா, கிழக்கைப் பார்த்ததால் பிரட்டியதா, நான் அறியேன். "நீங்கள் ஒரு சுத்துச் சுத்திப்போட்டு வாங்கோ, நான் கரையில நிண்டு போனில பாக்கிறன்" என்று சொல்லி இறங்கிவிட்டார். ஜக்கெற்றையும் போட்டுக்கொண்டே இறங்கினார். அதைக் கழற்றி ஓட்டியிடம் கொடுக்க வேண்டும் என்ற நினைப்பு அவருக்கு வரவில்லை. கேட்க வேண்டும் என்ற நினைப்பு என் கணவருக்கும் வந்திராது.

முற்றம் கூட்டி முடிப்பதற்குள் காற்று திரும்பிவிட்டது. சோம்பல் முடிந்து வருகிற வாடை கதவைத் தட்டிக்கொண்டு வருவதில்லை. தகரப் படலையை எறிந்துவிட்டுத்தான் வரும். தேத்தண்ணி ஆறியிருந்தது. நான் கரைக்கு ஓடினேன். மழை முகத்தில் மணல் மாதிரி அடித்தது. கடலும் வானமும் ஒரே நிறம். பூவரச மரங்களோடு கட்டிய படகுகளே இழுபட்டுக்கொண்டிருந்தன. கரையில் ஒரு சோடிச் செருப்பு. வான் வண்டியின் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே அத்தான், போனைக் காதில் வைத்தபடி. வானுக்குள் நனையாமல் இருந்தவர் இன்னும் அந்த ஜக்கெற்றோடு இருந்தார். குளிருக்கு அடக்கமாக இருக்கட்டும் என்று சிப்பைக் கழுத்துவரைக்கும் இழுத்துவிட்டிருந்தார். என்னைக் கண்டதும், "லைன் கிடைக்குதில்லைப் பிள்ளை" என்றார். நான் அந்தச் செம்மஞ்சள் நிறத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். நான் எதைப் பார்க்கிறேன் என்று அவருக்கு விளங்கவில்லை. தன் நெஞ்சைத் தடவிப் பார்த்தார், ஏதோ ஊத்தை பட்டிருக்கிறது என்று நினைத்தார் போலும்.

படகு அனலைதீவுக்கு மேற்கே நீருக்குள் கிடந்த கற்பாரில் ஏறிப் புரண்டது. மிதந்துகொண்டிருந்த மூன்று பேரையும் அனலைதீவுக்காரர் தங்கள் படகுகளை இறக்கிப்போய்த் தூக்கினார்கள். செம்மஞ்சள் நிறம் தூரத்திலிருந்தே நன்றாகத் தெரிந்ததாம். என் கணவர் ஒரு பழைய நீலச் சேட்டு போட்டிருந்தார். அவரை மறுநாள் கடலே கொண்டுவந்து ஒதுக்கியது. நெற்றியில் அடிபட்ட காயம் இருந்தது. அந்த மூன்று பேரில் ஒருவன் ஊருக்குப் போய்ச் சேர்ந்ததும் தான் சாவை வென்றுவந்த கதையைத் தானே பேசி இணையத்தில் போட்டான். பின்னால் இசை எல்லாம் வைத்திருந்தான். நெடுநேரம் ஓடுகிற அந்தக் காட்சியில் என் கணவருக்கு ஒரு வசனம் கிடைத்திருந்தது. 'துரதிர்ஷ்டவசமாக உள்ளூர்ப் படகோட்டி ஒருவர்' என்று. கீழே எத்தனையோ பேர் அவனுடைய துணிவைப் பாராட்டி இதயப் படம் போட்டிருந்தார்கள். நான் அதை ஒருமுறைதான் பார்த்தேன்.

செத்தவீட்டுக்கு வந்தவர்களைப் படலையடியில் நின்று வரவேற்றது அத்தான்தான். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சேட்டு, அன்று மட்டும் தொப்பி இல்லை. வந்த ஒவ்வொருவரிடமும் கையைப் பிடித்துக்கொண்டு ஒரே கதையைச் சொன்னார். பெட்டிக்குப் பக்கத்தில் இருந்த எனக்கு அவ்வளவும் கேட்டது. "நான் கேட்டனான். அவர் ஏலாது எண்டு சொல்லேல்லை. பாப்பம் எண்டவர். ஏலாது எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால் நான் விட்டிருப்பனே? அவருக்கும் போக விருப்பம்." கேட்டவர்கள் எல்லோரும் தலையை ஆட்டினார்கள். இந்தக் கரையில் பிறந்தவர்கள், தங்கள் பிள்ளைகளைப் பெண் கேட்டு வந்தவர்களுக்குப் பாப்பம் சொல்லித் திருப்பி அனுப்பியவர்கள், அந்தச் சொல்லோடு வாழ்ந்து வளர்ந்தவர்கள், ஆமாம் ஆமாம் என்று தலையை ஆட்டினார்கள். அவருக்கு முகத்துக்கு நேரே மறுத்துச் சொல்ல ஒருவருக்கும் ஏலவில்லை. அன்றைக்கு எனக்கு அத்தானைவிட அந்தத் தலைகள்மேல்தான் அருவருப்பு வந்தது.

நான் எழும்பிப் படலையடிக்குப் போனேன். பெண்கள் பிடித்தார்கள், உதறிவிட்டுப் போனேன். "அத்தான், பாப்பம் எண்டால் என்னெண்டு உங்களுக்குத் தெரியாதோ?" என்று கேட்டேன். கத்தவில்லை. உண்மையாகவே பதில் வேண்டித்தான் கேட்டேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. சுற்றி நின்றவர்களைப் பார்த்தார். "பாவம், பிள்ளைக்கு மனம் பேதலிச்சுப் போச்சு. உள்ளுக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ" என்றார். கூட்டிக்கொண்டு போனார்கள். யாரோ தேசிக்காய்த் தண்ணி கரைத்து வாயில் வைத்தார்கள். வெளியே அத்தான் அடுத்து வந்தவரின் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் கேட்டனான்" என்று தொடங்கினார்.

முப்பத்தொராம் நாள் பூசைக்கு முன்பே அவர் ஜேர்மனிக்குப் போய்விட்டார். உடம்புக்கு மருந்தெடுக்க வேண்டும் என்று சொன்னார். பிறகு இந்தப் பக்கம் வரவேயில்லை. ஒரு சொல்லில் தொங்கிக்கொண்டு அவர் தப்பிவிட்டார். என்னுடைய மனிதர் விரும்பிப் போய்ச் செத்தார் என்பது ஊரின் கதையாக நிலைத்துவிட்டது. ஆசை கூடினால் இப்படித்தான் என்று என் காதுபடவே சொன்னவர்கள் உண்டு. ஒரு மனிதரைக் கடல் கொண்டுபோவதைத் தாங்கலாம். எங்கள் குடும்பங்களில் அது புதிதல்ல. அவர் மறுத்ததையே அவருடைய சம்மதமாக ஆக்கி, அதைப் பெட்டியோடு சேர்த்துப் புதைத்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. நான் இப்போது இறங்குதுறைக்குப் பக்கத்தில் ஒரு தேத்தண்ணிக் கடை நடத்துகிறேன். அனலைதீவுக்கும் எழுவைதீவுக்கும் போகிறவர்கள் வந்து குடிப்பார்கள். மாரி வந்தால் இன்றும் தூண்டில் தடியும் கறுப்புக் கண்ணாடியுமாக யாராவது வந்து நின்று, கடலுக்குக் கூட்டிப்போக ஆள் கிடைக்குமா என்று கேட்கிறார்கள். வேறு கப்டன்மார் முளைத்திருக்கிறார்கள். அவர்களும் ஏதோ ஒரு பாரையை வாங்கி ஐஸ்பெட்டியில் போட்டிருப்பார்கள்.

அத்தான் ஜேர்மனியில் ஆஸ்பத்திரிக் கட்டிலில், நீரிழிவு என்கிற சீனி வருத்தத்தில், வெள்ளை விரிப்பில் கிடந்து செத்தார். செய்தி வந்தபோது எனக்கு அழுகை வரவில்லை, சந்தோஷமும் வரவில்லை. மரண அறிவித்தலைப் பார்த்தபோதுதான் வயிறு எரிந்தது. அதற்கு இரண்டு மூன்று நாள் கழித்து அக்கா போன் எடுத்தார். கடையில் ஆள் இல்லாத நேரம். அழுது களைத்த குரல். என் அக்கா கெட்டவர் அல்ல, தன் கணவர் சொன்னதைக் கேட்டே பழகியவர்.

"முப்பத்தொண்டுக்குப் பூசை ஒப்புக்குடுக்கிறம். ஒரு நினைவு மலரும் அடிக்கிறம். எல்லாரும் எழுதித் தருகினம். நீயும் ஒண்டு எழுதித் தாவன். உன்ர மனுசனும் அவரும் கூடப்பிறந்ததுகள் மாதிரித்தானே இருந்தவை. ரெண்டு பேருக்கும் கடலெண்டால் உயிர். அண்டைக்கும் உன்ர மனுசன் விரும்பித்தானே போனவர். அதை நீ எழுதினால் இவருக்கும் ஒரு ஆறுதல்."

"ஏலாது அக்கா" என்றேன்.

 அந்தச் சொல்லை அவருக்கு யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள். "உடனை வேண்டாம், ஆறுதலா எழுது" என்றார்.

"எப்பவும் ஏலாது."

"செத்த மனுசனோட என்னடி கோவம். சித்தி ஏன் எழுதேல்லையெண்டு பிள்ளையள் கேக்குங்கள். நான் என்ன சொல்லுறது?"

"ஏலாது எண்டு சொன்னவ எண்டு சொல்லுங்கோ."

அக்கா மறுபடி அழத் தொடங்கினார். "அப்பிடி முகத்தில அடிச்ச மாதிரிச் சொல்லுறதே? ஒரு மரியாதைக்குப் பாப்பம் எண்டாவது சொல்லன்."

அடுப்பில் கேத்தில் கொதித்து மூடியைத் தள்ளிக்கொண்டிருந்தது. நான் அதை இறக்கிவைத்தேன். ஒருமுறை படலையடியில் கேட்டுப் பதில் கிடைக்காத கேள்வி அது. மறுபடியும் கேட்டேன், அதே மாதிரி, கத்தாமல்.

"நான் பாப்பம் எண்டு சொன்னால், எழுதுவன் எண்டு நினைப்பீங்களோ அக்கா, எழுத மாட்டன் எண்டு நினைப்பீங்களோ?"

"எழுத மாட்டாய் எண்டுதான் நினைப்பன்" என்றார் அக்கா, யோசிக்காமல். சொன்ன பிறகுதான் தான் சொன்னது என்னவென்று அவருக்கு விளங்கியிருக்க வேண்டும்.  போனை வைத்துவிட்டார்.